மன்னர்களுக்கு மதிப்பெண்

‘பாரதத்தை ஆண்ட மன்னர்களுள் மிகப் பெரியவர் யார்?’ இளைஞர்கள் கூடிப் பேசும் இடங்களில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஒருவர் அசோகர் என்பார். மற்றொருவர் அக்பர் என்பார். வேறொருவர் தம் மாநிலத்து மன்னரின் பெயரைச் சொல்வார். சிறிது நேரத்தில் குரல்கள் உயரும். கேள்வி வரலாற்றைப் பற்றியதாகத் தொடங்கும். முடியும்போது அது பேசுபவர்களின் குலத்தையும் மொழியையும் மதத்தையும் பற்றியதாக மாறியிருக்கும்.

ஆட்சியாளர்களைத் தரம் பிரிக்கும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க வரலாற்று அறிஞரான ஆர்தர் ஷ்லெசிங்கர், தம்மைப் போன்ற 55 அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, தங்கள் நாட்டு ஜனாதிபதிகளை ‘மிகச் சிறந்தவர்’ முதல் ‘தோல்வியுற்றவர்’ வரை ஐந்து வகைகளாகப் பிரித்தார். அன்றுமுதல் இத்தகைய பட்டியல்கள் பல வெளிவந்துவிட்டன. நமது புராணங்களோ இந்தப் பணியை மிகப் பழங்காலத்திலேயே சித்திரகுப்தரிடம் ஒப்படைத்துவிட்டன.

மதிப்பிடுவது புத்தியின் இயல்பான தொழில். அதைத் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. நல்லது எது, தீயது எது என்று பகுத்தறியாவிட்டால் விவேகம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மன்னர்களை எந்த அளவுகோலால் அளப்பது? அப்படி அளப்பதால், ஆன்மிக வாழ்வில் முன்னேற விரும்பும் ஒருவனுக்குக் கிடைக்கும் பயன் என்ன?

அரசன் என்பவன் யார்?

தமிழில் ‘இறை’ என்ற சொல் கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும். அரசனின் இல்லமும் கோயில்; ஆண்டவனின் இல்லமும் கோயில். இதில் அரசனுக்குக் கிடைத்த பெருமை ஒரு பங்கு என்றால், அவன்மீது சுமத்தப்பட்ட பொறுப்பு பத்துப் பங்கு. ‘ராஜா’ என்ற சொல்லுக்கு, மக்களை மகிழ்விப்பவன் என்று மகாபாரதத்தின் சாந்தி பருவம் பொருள் கூறுகிறது. மக்களின் சுகத்திலேதான் அரசனுடைய சுகம் இருக்கிறது, தனக்குப் பிரியமானதை அவன் நன்மையாகக் கருதக் கூடாது என்பது கௌடில்யரின் கோட்பாடு.

தர்ம சாஸ்திரங்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு வரி. அதற்கு ஈடாக அவன் மக்களைக் காக்க வேண்டும். காத்தால், மக்கள் செய்யும் புண்ணியத்தில் ஆறில் ஒரு பங்கு அவனைச் சேரும். வரியை வாங்கிக்கொண்டு காக்காமல் விட்டால், அவர்கள் செய்யும் பாவத்தில் ஆறில் ஒரு பங்கும் அவன் கணக்கிலேயே ஏறும். நம்மில் ஒவ்வொருவருக்கும் தம் சொந்தக் கணக்கையே சரிசெய்ய முடியவில்லை. அரசனுக்கோ முழு நாட்டின் கணக்கில் ஒரு பங்கு வந்து சேர்கிறது! சிங்காதனத்திற்கு ஆசைப்படுபவர்கள் இந்த ஒரு விதியை நினைத்தால் போதும், ஆசை பாதியாகக் குறையும்.

இந்தப் பின்னணியில், வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த நான்கு ஆட்சியாளர்களைப் பார்ப்போம்.

அசோகர்

முடிசூடிய எட்டாம் ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 261-இல், அசோகர் கலிங்கத்தை வென்றார். அந்தப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர், அதைப்போல் பல மடங்கு மக்கள் மாண்டனர். இந்த எண்களை நமக்குத் தந்தவர்கள் அவருடைய பகைவர்கள் அல்லர். தமது பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அவரே பொறித்துவைத்தார். போரில் சாகாதவர்களும் தங்கள் அன்புக்குரியவர்களை இழந்து துன்புறுகிறார்கள். பெரியோரைப் போற்றி அறவழியில் இல்லறம் நடத்தியவர்களையும் அந்தத் துன்பம் விடுவதில்லை என்று அவர் வருந்துகிறார். வென்ற மன்னன் தன் வெற்றியைத் தன் குற்றமாகக் கல்லில் வெட்டிவைத்தது உலக வரலாற்றில் மிக அரிய செயல்.

அதன்பின் அவர் செய்தவை பல. மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி, மூலிகைகளைப் பயிரிடுதல், வழிகளில் கிணறுகள், நிழல் தரும் மரங்கள். இந்த மருத்துவப் பணி தம் எல்லைக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர் நாடுகளிலும் தாம்பிரபரணி என்ற இலங்கையிலும்கூட நடைபெறுவதாக அவரது இரண்டாம் பாறைச் சாசனம் கூறுகிறது. உண்ணும்போதும் அந்தப்புரத்தில் இருக்கும்போதும்கூட மக்களின் காரியம் பற்றித் தமக்குத் தெரிவிக்கலாம் என்று அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். தம் சமயத்தைப் புகழ்வதற்காகப் பிறர் சமயத்தைப் பழிப்பவன், தம் சமயத்திற்கே தீங்கு செய்கிறான் என்ற கருத்தைப் பன்னிரண்டாம் சாசனத்தில் வலியுறுத்தினார்.

ஆயினும் நேர்மையாக மதிப்பிடுபவன் வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். கலிங்கத்தை அவர் திருப்பித் தரவில்லை. அங்கே தௌளியிலும் ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில் அந்தப் பதின்மூன்றாம் சாசனம் இடம்பெறவில்லை. அதற்குப் பதிலாக, எல்லா மக்களும் தம் பிள்ளைகளே என்றும், எவரையும் காரணமின்றிச் சிறையில் வருத்தக் கூடாது என்றும் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தும் தனிச் சாசனங்கள் அங்கே உள்ளன. காடுகளில் வாழ்ந்த மக்களிடம் கருணையோடு பேசும்போதே, தம் வருத்தத்திற்கு இடையிலும் தண்டிக்கும் வலிமை தம்மிடம் உண்டு என்று எச்சரிக்கவும் செய்தார். அவர் மறைந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் மௌரியப் பேரரசு முடிந்துபோயிற்று.

ஹர்ஷர்

கி.பி. 606-இல் இளம் வயதிலேயே அரியணை ஏறியவர் ஹர்ஷவர்தனர். தமையன் ராஜ்யவர்தனர் கொல்லப்பட்டார். கணவனை இழந்த சகோதரி ராஜ்யஸ்ரீயை விந்தியக் காட்டில் தேடிக் கண்டுபிடித்து மீட்டார். கன்னோசியைத் தலைநகராகக் கொண்டு வட இந்தியாவின் பெரும்பகுதியை ஆண்டார். ‘நாகானந்தம்’, ‘ரத்னாவளி’, ‘பிரியதர்சிகா’ என்ற நாடகங்கள் அவர் பெயரால் வழங்குகின்றன.

அவருடைய புகழுக்குச் சிகரம் பிரயாகையில் அவர் செய்த தானம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, கங்கையும் யமுனையும் கூடும் இடத்தில், கருவூலத்தில் சேர்ந்த செல்வம் முழுவதையும் பௌத்தர், அந்தணர், சமணர், ஏழைகள், அநாதைகள் என்று அனைவருக்கும் வழங்குவார். கி.பி. 643-இல் நடந்த அத்தகைய விழாவை சீன யாத்திரிகர் யுவான் சுவாங் நேரில் கண்டார். தம் ஆபரணங்களையும் உடைகளையும்கூடக் கொடுத்துவிட்ட மன்னர், சகோதரியிடமிருந்து பழைய ஆடை ஒன்றைப் பெற்று அணிந்துகொண்டு புத்தரை வணங்கினார்.

மெய்சிலிர்க்கும் காட்சிதான். ஆனால் அதே யுவான் சுவாங், கங்கையில் படகில் சென்றபோது கொள்ளையரிடம் சிக்கி உயிர் தப்பியதும் உண்டு. தெற்கே நர்மதையைத் தாண்ட முயன்ற ஹர்ஷரைச் சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசி தடுத்து நிறுத்தினார். கி.பி. 647-இல் ஹர்ஷர் மறைந்தபோது வாரிசு இல்லை, அடுத்து ஆள ஒருவரை ஆயத்தம் செய்யவும் இல்லை. நாற்பது ஆண்டுக் கால உழைப்பு மிக விரைவில் சிதறிற்று.

அக்பர்

1556-இல், பதின்மூன்று வயதில் அரசரானார் அக்பர். 1563-இல் இந்து யாத்திரிகர்கள்மீது இருந்த வரியை நீக்கினார். 1564-இல் ஜிஸியா வரியை நீக்கினார். 1575-இல் ஃபதேபூர் சிக்ரியில் இபாதத்கானா என்ற வழிபாட்டு மண்டபத்தைக் கட்டினார். காலப்போக்கில் முஸ்லிம், இந்து, சமணர், பார்சி, கிறிஸ்தவர் எனப் பல சமயத்தாரும் அங்கே அமர்ந்து விவாதித்தனர். சமண ஆசாரியர் ஹீரவிஜய சூரியின் சொல்லுக்கு மதிப்பளித்துச் சில நாட்களில் உயிர்க்கொலையைத் தடை செய்தார். 1580-களில் மகாபாரதம் அவரது ஆணைப்படி ‘ரஸ்ம்நாமா’ என்ற பெயரில் பாரசீகத்தில் ஆக்கப்பட்டது. தோடர்மால் வகுத்த நிலவரி முறை, பத்து ஆண்டுகளின் விளைச்சலையும் விலையையும் சராசரி கண்டு, உழவனுக்கு ஒரு நிச்சயத்தைக் கொடுத்தது.

இவற்றுக்கு நடுவில் நிற்கிறது 1568-ஆம் ஆண்டின் சித்தூர். நீண்ட முற்றுகைக்குப்பின் கோட்டை வீழ்ந்தது. உள்ளே இருந்த பெண்கள் தீயில் புகுந்தனர். கோட்டைக்குள் தஞ்சம் புகுந்திருந்த குடியானவர்களும் சேர்த்து வெட்டப்பட்டனர். கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 30,000 பேர் என்று எழுதியவர் அவருடைய அரசவை வரலாற்றாசிரியரான அபுல் ஃபஸல்.

ஆண்டுகளின் வரிசையைக் கவனியுங்கள். அசோகரின் வாழ்வில் கொடுமை முதலில் வந்தது, கருணை பின்னால் வந்தது. அக்பரின் வாழ்விலோ கருணை 1563-இலேயே பிறந்துவிட்டது; ஆனால் எதிர்ப்பு வந்தபோது, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கருணையால் ஒரு கோட்டையில் இருந்த எளிய மக்களைக் காப்பாற்ற முடியவில்லை. தம்மை வணங்குபவர்களிடம் காட்டும் தயை வேறு. தம்மை மறுப்பவர்களிடமும் மாறாமல் நிற்கும் தயை வேறு.

அகல்யாபாய்

1725-இல் இன்றைய மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சௌண்டி என்ற சிற்றூரில் பிறந்தவர் அகல்யாபாய் ஹோல்கர். கணவர் காண்டேராவ் 1754-இல் கும்ஹேர் முற்றுகையில் மாண்டார். உடன்கட்டை ஏறத் துணிந்த மருமகளை மாமனார் மல்ஹர்ராவ் தடுத்து, நிர்வாகத்தில் பழக்கினார். 1766-இல் மாமனார் மறைந்தார். 1767-இல் ஒரே மகன் மாலேராவும் மறைந்தார். அந்த ஆண்டிலிருந்து 1795-இல் தாம் மறையும்வரை, நர்மதைக் கரையிலுள்ள மகேசுவரத்தில் அமர்ந்து மாளவத்தை ஆண்டார்.

நாள்தோறும் மக்களின் வழக்குகளை நேரில் கேட்டார். வாரிசற்ற செல்வந்தர் இறந்தால் அவர் பொருளை அரசு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியிருந்த காலத்தில், விதவைகள் தத்தெடுக்கும் உரிமையை ஏற்று, அந்தச் செல்வத்தை அவர்களிடமே விட்டார். நெசவாளர்களுக்கு ஆதரவு தந்தார். மகேசுவரப் புடவை இன்றும் அந்த ஊரின் பெயரைச் சொல்கிறது. காசியில் நாம் இன்று வணங்கும் விசுவநாதர் ஆலயம் 1780-இல் அவர் எழுப்பியது. சோமநாதத்திலும், கேதாரம் முதல் இராமேசுவரம் வரையிலான பல தலங்களிலும் அவர் செய்த திருப்பணிகள் உள்ளன. இவற்றுக்குப் பொதுக் கருவூலத்தைத் தொடாமல், ‘காஸ்கி’ என்ற தம் சொந்தச் சொத்திலிருந்தே செலவிட்டார் என்பது அவருடைய தனிச் சிறப்பு.

அவரது நாடு சிறியது. படை வேறொருவரின் தலைமையில் இருந்தது. அவர் மறைந்தபின் வாரிசுப் போர்கள் மூண்டன. 1818-இல் அந்த அரசு ஆங்கிலேயரின் மேலாண்மையை ஏற்க நேர்ந்தது. 1791-இல் மருமகன் இறந்தபோது, மகள் முக்தாபாய் உடன்கட்டை ஏறினாள். மன்றாடிய தாயால் அதைத் தடுக்க முடியவில்லை. ஒரு நாட்டின் விதவைகளுக்கு நீதி வழங்கிய அரசியால் தன் வீட்டு விதவையைக் காக்க இயலவில்லை.

மதிப்பெண் பட்டியல்

இனி ஒரு பரீட்சை செய்து பார்ப்போம். நாட்டின் பரப்பும் பாதுகாப்பும், நிர்வாகம், மக்கள் நலன், பிற சமயத்தாரிடம் காட்டிய மதிப்பு, தமக்குப் பின்னும் ஆட்சி நிலைத்தல் என்று ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், மொத்தம் 50. ஒருவர் இவ்வாறு இடலாம்:

அசோகர்: 9, 8, 9, 9, 4. மொத்தம் 39.
ஹர்ஷர்: 6, 6, 7, 7, 1. மொத்தம் 27.
அக்பர்: 9, 9, 7, 8, 8. மொத்தம் 41.
அகல்யாபாய்: 6, 8, 9, 7, 4. மொத்தம் 34.

முதலிடம் அக்பருக்கு. இப்போது முதல் தலைப்பை மட்டும் மாற்றுவோம். ‘நாட்டின் பரப்பு’ என்பதை எடுத்துவிட்டு, ‘சிந்திய இரத்தத்தின் குறைவு’ என்று வைப்போம். அசோகருக்கும் அக்பருக்கும் 3, ஹர்ஷருக்கு 5, அகல்யாபாய்க்கு 9 என்று கொள்வோம். மொத்தம் மாறுகிறது: அசோகர் 33, ஹர்ஷர் 26, அக்பர் 35, அகல்யாபாய் 37. மூன்றாம் இடத்தில் இருந்தவர் முதலிடத்துக்கு வந்துவிட்டார்!

மன்னர்கள் யாரும் மாறவில்லை. நடந்த நிகழ்ச்சி ஒன்றுகூட மாறவில்லை. ஒரே ஒரு தலைப்பு மாறியது; தீர்ப்பு தலைகீழாயிற்று. ஆகவே இந்தப் பட்டியல் மன்னர்களைப் பற்றிச் சொல்வதைவிட, தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தவனைப் பற்றியே அதிகம் சொல்கிறது. வெற்றியை விரும்பும் மனம் பரப்பளவை முதலில் வைக்கும். கருணையை விரும்பும் மனம் இரத்தத்தின் கணக்கை முதலில் வைக்கும். தன் கூட்டத்தின் பெருமையை விரும்பும் மனமோ, யார் முதலில் வர வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற தலைப்புகளைத் தேடும்.

இந்த மூன்றாவது மனத்திடம்தான் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மன்னரைப் புகழ்வதற்காகவோ பழிப்பதற்காகவோ, இன்று நம்மோடு உயிருடன் வாழும் அண்டை வீட்டாரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சித்தூரில் வெட்டுண்டவர்களுக்காகக் கண்ணீர் விடுவது தர்மம். அதற்காக, அந்த வாளைக் கையால்கூடத் தொட்டிராத ஒருவரை இன்று வெறுப்பது அதர்மம். கலிங்கத்தின் கண்ணீருக்காக இன்று எவரும் மகத நாட்டு மக்களைப் பழிப்பதில்லை. அந்த நிதானம் எல்லா விஷயத்திலும் நமக்கு வர வேண்டும்.

கூட்டலும் கழித்தலும்

மதிப்பெண் முறையில் இன்னும் ஆழமான குறை ஒன்று உண்டு. அது எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி காண்கிறது. நிர்வாகத்தில் 9 பெற்றால் கொடுமையில் இழந்ததை ஈடுகட்டிவிடலாம் என்கிறது. கர்ம நியதி அப்படிச் செயல்படுவதில்லை. புண்ணியத்தையும் பாவத்தையும் எதிர் எதிரே வைத்துக் கழித்து, மிச்சத்தை மட்டும் அனுபவித்தால் போதும் என்று சாஸ்திரம் சொல்லவில்லை. இரண்டுக்கும் தனித்தனியே பலன் உண்டு.

இதை விளக்க மகாபாரதத்தின் இறுதிப் பகுதியான சுவர்க்காரோகண பருவத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. சொர்க்கத்தை அடைந்த யுதிஷ்டிரர் முதலில் கண்டது, சிறப்பான ஆசனத்தில் அமர்ந்திருக்கும் துரியோதனனை! மனம் கொதித்து, ‘என் தம்பியர் எங்கே?’ என்று கேட்டார். தேவதூதன் அவரை இருளும் துர்நாற்றமும் நிறைந்த பாதை வழியே அழைத்துச் சென்றான். அங்கே வேதனைக் குரல்கள் கேட்டன. அவை தம் தம்பியரின் குரல்களும் திரௌபதியின் குரலும் என்று அறிந்ததும், ‘நான் திரும்பிவரப் போவதில்லை. என் வருகை இவர்களுக்கு ஆறுதல் தருகிறது. இங்கேயே இருக்கிறேன்’ என்ற கருத்தில் உறுதியாக நின்றார்.

அப்போது இந்திரன் தோன்றி உண்மையை விளக்குகிறான். அரசர்களாக இருந்தவர்கள் அனைவரும் நரகத்தைக் கண்டே ஆக வேண்டும். எவருக்கும் விலக்கு இல்லை. பாவம் மிகுந்தவன் முதலில் சொர்க்கத்தை அனுபவித்துப் பின்பு நரகத்தை அடைகிறான். புண்ணியம் மிகுந்தவன் முதலில் நரகத்தைக் கண்டு பின்பு சொர்க்கத்தை அடைகிறான். துரோணரிடம் அசுவத்தாமனைப் பற்றி மறைத்துச் சொன்ன ஒரு சொல்லுக்காக, தர்மபுத்திரரும் அதைக் கண்டார்.

எவ்வளவு கடுமையான நீதி! ராஜசூயம் செய்தவர், அசுவமேதம் செய்தவர், வாழ்நாள் முழுவதும் தர்மத்தைப் பற்றி நின்றவர். அவ்வளவு பெரிய கூட்டல் தொகையும் அந்த ஒரு சொல்லைக் கழித்துவிடவில்லை. ஆனால் அவரை அந்த இடத்தில் உயர்த்தியது எது என்பதையும் காண வேண்டும். தாம் சேர்த்த புண்ணியத்தின் கணக்கை எடுத்துக்காட்டி அவர் வாதாடவில்லை. துன்புறுபவர்களோடு தாமும் இருக்க முன்வந்தார். கணக்கைக் கைவிட்ட அந்தக் கணத்தில்தான் நரகம் மறைந்தது.

அசோகரின் சாசனத்தை இந்த ஒளியில் படித்தால் அதன் பொருள் துலங்கும். மருத்துவ வசதிகளையும் கிணறுகளையும் காட்டி, ‘கலிங்கத்துக்கு ஈடு செய்துவிட்டேன்’ என்று அவர் எழுதவில்லை. எண்ணிக்கையை எழுதினார், வருந்துகிறேன் என்று எழுதினார், அதைச் சரி என்று நியாயப்படுத்தாமல் நிறுத்தினார். உண்மையான பச்சாத்தாபம் கணக்கை முடித்துவிடுவதில்லை. கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டே, அடுத்த நாளின் கடமையைச் செய்கிறது.

புகழ் யார் கையில்?

ஆட்சிக்குப் பின் நிற்கும் புகழுக்கும் மதிப்பெண் தருகிறார்கள். புகழ் மன்னனுடைய கையிலா இருக்கிறது?

தம் சொற்கள் பிள்ளைகள், பேரர்கள் காலத்திலும் நிலைக்க வேண்டும் என்றே அசோகர் கல்லில் வெட்டினார். கல் நிலைத்தது, எழுத்து மறந்துபோயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் அசோகரின் தூண்கள் இரண்டை மிகுந்த முயற்சியோடு தில்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அவற்றில் எழுதியிருப்பதைப் படிக்க வல்லவர் ஒருவரும் அன்று கிடைக்கவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். அந்தச் சாசனங்களில் ‘பியதசி’ என்று தம்மைக் குறிப்பிடும் மன்னர் அசோகரே என்பதை, இலங்கையின் பாளி நூல்களின் துணையால் ஜார்ஜ் டர்னர் காட்டினார். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் சாரநாத்தின் சிங்கத் தூண்முகம் நம் தேசியச் சின்னமாயிற்று. பல நூற்றாண்டுகள் பூஜ்யம் பெற்றவர் இன்று முதல் வரிசையில் நிற்கிறார். இந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும் அசோகருடைய முயற்சி என்று எதுவும் இல்லை.

அக்பர் 1564-இல் நீக்கிய ஜிஸியாவை, அவருடைய கொள்ளுப்பேரர் ஔரங்கசீப் 1679-இல் மீண்டும் விதித்தார். நாம் செய்த நன்மையை நம் சந்ததியினரே கலைத்துவிடலாம். செயலைச் செய்வதில்தான் நமக்கு அதிகாரம் உண்டு, அதன் பலனில் இல்லை என்று கீதையில் பகவான் அர்ஜுனனுக்கு உபதேசித்தது ஓர் அரச குமாரனுக்கு என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த உண்மையை வாழ்ந்து காட்டியவர் அகல்யாபாய். 1823-இல் மத்திய இந்தியாவின் வரலாற்றை எழுதி வெளியிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜான் மால்கம், அவரைப் பற்றி முதியோர்களிடம் கேட்டறிந்த செய்திகளைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். அவற்றுள் ஒன்று இது. அந்தணர் ஒருவர் அரசியைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதிக் கொண்டுவந்தார். அரசி பொறுமையோடு அதைக் கேட்டார். முடிந்ததும், தாம் இத்தகைய புகழுக்குத் தகுதியற்ற எளிய பெண் என்று கூறி, அந்த நூலை நர்மதையில் எறிந்துவிடச் செய்தார். அதன்பின் அந்த ஆசிரியரைப் பொருட்படுத்தவும் இல்லை.

தமக்குக் கிடைத்த மதிப்பெண் பட்டியலை ஆற்றில் விட்ட ஓர் ஆட்சியாளர்! அவருக்கு நாம் எத்தனை மதிப்பெண் இடுவது?

கீரிப்பிள்ளையின் தராசு

யுதிஷ்டிரரின் அசுவமேத யாகம் சிறப்பாக நிறைவேறிய வேளையில், உடலில் ஒரு பாதி பொன்னாக மின்னும் கீரி ஒன்று யாகசாலைக்குள் வந்தது. தரையில் புரண்டுவிட்டு, ‘இந்த யாகம் குருக்ஷேத்திரத்து ஏழை அந்தணரின் ஒரு படி மாவுக்கு ஈடாகாது’ என்ற பொருளில் பேசியது. திகைத்துக் கேட்டவர்களுக்குத் தன் கதையைச் சொன்னது.

சிந்திய தானியங்களைப் பொறுக்கி வாழ்ந்த ஓர் அந்தணர், மனைவி, மகன், மருமகளுடன் பஞ்ச காலத்தில் பல நாள் பட்டினி கிடந்தார். ஒருநாள் சிறிது வாற்கோதுமை கிடைத்தது. மாவாக்கி நான்கு பங்கிட்டு உண்ண அமர்ந்தபோது விருந்தாளி ஒருவர் வந்தார். அந்தணர் தம் பங்கைக் கொடுத்தார். விருந்தாளியின் பசி தீரவில்லை. மனைவி தந்தாள், மகன் தந்தான், மருமகளும் தந்தாள். விருந்தாளியாக வந்தது தர்மதேவதை. அந்தக் குடும்பம் விண்ணுலகு சென்றது. அங்கே சிந்திக் கிடந்த மாவில் புரண்ட கீரியின் பாதி உடல் பொன்னாயிற்று. மறுபாதியும் பொன்னாகாதா என்று யாகம் யாகமாக அது அலைகிறது. தர்மபுத்திரரின் அசுவமேதத்திலும் அது நடக்கவில்லை.

பிரயாகையில் ஹர்ஷர் வழங்கிய செல்வமலையை இந்தத் தராசில் எண்ணிப் பாருங்கள். ஹர்ஷரின் தானம் சிறியது என்று நாம் சொல்லவில்லை. எவ்வளவு கொடுத்தார் என்று உலகம் கேட்கும். கொடுத்தபின் அவரிடம் என்ன எஞ்சியது என்று தர்மம் கேட்கும். முதற்கேள்விக்கு வரலாற்றறிஞரால் விடை கூற முடியும். இரண்டாவது கேள்வி மனிதனின் உள்ளத்தைப் பற்றியது. அங்கே இறைவனின் பார்வை மட்டுமே நுழையும்.

நம்முடைய சிற்றரசு

அப்படியானால் மன்னர்களின் வரலாற்றைப் படிப்பதால் பயன் இல்லையா? நிச்சயம் உண்டு. ஸ்ரீமத் பாகவதத்தில் யது மன்னனுக்கு உபதேசிக்கும் அவதூதர், தமக்கு இருபத்து நான்கு குருமார்கள் என்கிறார். பூமி, காற்று, மலைப்பாம்பு, தேனீ, வேசையான பிங்களை, அம்பு செய்யும் கொல்லன் எனப் பலர். அவர்களுள் யார் உயர்ந்தவர் என்று அவர் வரிசைப்படுத்தவில்லை. ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். சிலரிடம் செய்ய வேண்டியதைக் கற்றார். சிலரிடம் தவிர்க்க வேண்டியதைக் கற்றார். மன்னர்களின் வரலாற்றையும் நாம் அவ்வாறே படிக்கலாம்.

நம் ஒவ்வொருவருக்கும் ஒரு சிற்றரசு உண்டு. ஒருவருக்கு அது குடும்பம். இன்னொருவருக்கு ஒரு வகுப்பறை, ஓர் அலுவலகப் பிரிவு, ஒரு கடை, ஒரு சேவை மையம். அங்கே நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சிலர் வாழ்கிறார்கள். அவர்கள் புண்ணியத்திலும் பாவத்திலும் ஆறில் ஒரு பங்கு நம்மையும் சேரும் என்று நினைத்துக்கொள்வோம். இரவு உறங்கும் முன், இந்த நான்கு மன்னர்களும் நம்மிடம் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பதாக எண்ணலாம்.

அசோகர் கேட்பார்: ‘இன்று உன் வெற்றியால் யாருக்காவது துன்பம் நேர்ந்ததா? அதை உன் வாயாலேயே ஒப்புக்கொண்டாயா? என்னால் கலிங்கத்துப் பாறையில் எழுத முடியாததை, நீ துன்புற்றவர் முன்னிலையிலேயே சொல்வாயா?’

அக்பர் கேட்பார்: ‘உன்னோடு ஒத்துப்போகிறவர்களிடம் அன்பாக இருந்தாய். உன்னை எதிர்த்துப் பேசியவரிடம் எப்படி நடந்துகொண்டாய்?’

ஹர்ஷர் கேட்பார்: ‘தாராளமாகக் கொடுத்தாய், நல்லது. நீ இல்லாத நாளில் இந்தப் பணியை ஏற்று நடத்த ஒருவரையாவது பழக்கினாயா?’

அகல்யாபாய் கேட்பார்: ‘குழந்தாய், உன்னை யாராவது புகழ்ந்தார்களா? அதை எந்த ஆற்றில் விட்டாய்?’

இந்த நான்கு கேள்விகளுக்கும் மதிப்பெண் கிடையாது. பிறர் பார்க்கும் பட்டியலிலும் அவை இடம்பெறா. ஆனால் இவற்றுக்கு நேர்மையாக விடை தேடுபவன் தன்னை ஆளத் தொடங்குகிறான். உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும், ஆத்மாவைத் தேரின் தலைவனாகவும் கடோபநிஷதம் வருணிக்கிறது. குதிரைகள் சாரதிக்கு அடங்கிய தேரே பயணத்தின் முடிவை அடைகிறது. மிதிலையை ஆண்ட ஜனகர் கர்மத்தின் மூலமே நிறைநிலை அடைந்தார் என்று கீதை போற்றுவது, அவருடைய நாட்டின் பரப்பைக் கண்டு அன்று. அவர் நாட்டை ஆள்வதற்கு முன் தம்மை ஆண்டவர்.

நாட்டை வென்றவர்களின் பெயர்களைக் காலம் எழுதும், அழிக்கும், மீண்டும் எழுதும். தன்னை வென்றவனின் பெயரை எழுதக் கல்லும் தேவையில்லை, படிக்க ஒரு பிரின்செப்பும் தேவையில்லை. அந்த வெற்றிக்குரிய ஆற்றலை நம் அனைவருக்கும் இறைவன் அருள்வாராக!